நெவிஸ் தீவின் மூன்று கோல்ஃப் மைதானங்களும் நான் தூக்கிய ஒரு பந்தும்

நான் கோல்ஃப் பழகியது மொன்றியலை அடுத்த லவாலில், ஒரு கட்டடத்துக்குள். வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே பச்சைப் பாய், முன்னால் சுவரளவு திரை, தலைக்கு மேல் ஒரு கருவி. பந்தைத் திரையை நோக்கி அடித்தால் அது எத்தனை மீற்றர் போயிருக்கும், எந்தப் பக்கம் வளைந்திருக்கும் என்று கருவி கணித்துக் காட்டும். உண்மைப் பந்து திரையில் மோதி என் காலடிக்கே உருண்டு வந்துவிடும். மூன்று குளிர்காலம், ஒவ்வொரு செவ்வாயும் இப்படித்தான். திரையிலேயே ஸ்கொட்லாந்தில் ஆடினேன், ஹவாயில் ஆடினேன், சப்பாத்து ஒருநாளும் நனையவில்லை.

கோடையில் ஏன் வெளியே போய் ஆடவில்லை என்று கேட்பீர்கள். கோடையில் கல்யாணம், சாமத்திய வீடு, கோயில் கொடியேற்றம், ரொறன்ரோப் பயணம். மொன்றியலில் எங்கள் ஆட்களுக்குக் கோடையில் சனிக்கிழமை என்று ஒன்று கிடையாது.

எங்கள் செவ்வாய்க் குழுவில் மூன்று பேர். மூத்தவர் ரஞ்சன் அண்ணை, ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். அடுத்தது மெலனி, பகலெல்லாம் கார்தெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவள். மூன்றாவது நான். பந்து குழிக்குக் கிட்டப் போய் நின்றால், அது விழுந்ததாகவே எங்கள் கருவி எடுத்துக்கொள்ளும். கருவி தயங்கும் தூரத்திலும் ரஞ்சன் அண்ணை தயங்கமாட்டார். "காணும், காணும்" என்று சொல்லிக் குனிந்து, பாயில் கிடக்கும் எங்கள் பந்தை எடுத்துக் கையில் தருவார். நாங்களும் அவருக்கு அப்படியே செய்வோம். வீட்டுக்கு வந்தவர் கோப்பையைக் கழுவப் போனால் பறித்து வாங்குகிறோமே, அது போல ஒரு மரியாதை. மூன்று வருடத்தில் ஒரு முழத்துக்குக் குறைந்த தூரத்தை நான் ஒருநாளும் அடித்துப் போட்டதில்லை.

இந்தத் தகுதியோடுதான் நெவிஸுக்குப் புறப்பட்டேன்.

புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் பயண நிறுவனம் சின்னது. கியூபெக் ஆட்களைக் குளிரிலிருந்து கிளப்பி வெயிலில் இறக்குவது எங்கள் தொழில். கரீபியனில் இருக்கும் நெவிஸ் என்ற குட்டித் தீவுக்குப் போகிறவர்கள் எங்கெங்கே கோல்ஃப் ஆடலாம் என்று ஒரு பக்கம் எழுத ஆள் தேவைப்பட்டது. மேலாளர் கேட்டு முடிக்க முதலே நான் கையைத் தூக்கிவிட்டேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். முழுதாக ஆடி முடிக்காத மைதானத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது.

அம்மாவுக்கு அந்தத் தீவின் பெயர் வாயில் நிற்கவில்லை. "நெடுந்தீவு அளவு வருமோ?" என்று கேட்டார். அதைவிடப் பெரிது என்றேன். "அவ்வளவு தூரம் போய்க் குழிக்குள்ள பந்து தள்ளுறதுக்கோ உனக்குச் சம்பளம் தருகினம்?" என்றார். ஓம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

முதல் நாள்

நெவிஸ் என்றால் ஒரு மலை. மலையைச் சுற்றி ஒரு தெரு. தெருவுக்கு அப்பால் கடல். படகில் வரும்போதே தீவு முழுவதையும் ஒரு பார்வையில் பார்த்துவிடலாம், ஆனால் பார்த்து முடிக்க முடியாது. மலை உச்சியில் ஒரு வெள்ளை மேகம் உட்கார்ந்திருந்தது. ஐந்து நாளும் அது எழும்பவே இல்லை. பழைய காலத்துக் கப்பல்காரர் அந்த மேகத்தைப் பனி என்று நினைத்துத்தான் தீவுக்குப் பனியின் பெயரை வைத்தார்களாம். பனியிலிருந்து ஓடி வந்தவள் நான். படகில் தனியாகச் சிரித்தேன்.

இறங்குதுறையில் என் பெயர் எழுதிய கடதாசி மட்டையோடு நின்றவள் வேர்லின். சின்ன பஸ் ஓட்டுபவள், நாற்பது வயதிருக்கும். தமிழில் கதைத்திருந்தால் அக்கா என்றிருப்பேன். அவளுடைய ஆங்கிலம் இழுத்து, மடித்து, பாதியில் சிரித்து வரும். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

பெட்டியை ஏற்றிவிட்டு, வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். முன்னால் ஸ்டியரிங் இருந்தது. வேர்லின் ஜன்னலருகே வந்து நின்று, "நீ ஓடுறியோ, நான் ஓடவோ?" என்று கேட்டாள். அங்கே வாகனம் இடப்பக்கம் ஓடும், இலங்கையைப் போல. பதினொரு வயது வரை அந்தப் பக்கத்தில்தான் நானும் பள்ளிக்கூடம் போனேன். கனடா என் உடம்பில் எதையெல்லாம் மாற்றி எழுதியிருக்கிறது என்று இப்படித்தான் தெரியவருகிறது.

அரை மணி நேரத்தில் நாலு தரம் பஸ் நின்றது. இரண்டு தரம் கழுதைகளுக்காக. ஒரு தரம் ஒரு பெண்ணிடம் ஈரப்பலாக்காய் வாங்க. கடைசியாக, என் கோல்ஃப் பையைத் திரும்பிப் பார்க்க.

"உது உன்ரயோ?"

ஓம் என்றதும் அவள் பஸ்ஸை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். தீவில் உள்ளூர்க்காரர் ஆடும் மைதானம் ஒன்று இருக்கிறது, ஒன்பது குழி. வரும் சனிக்கிழமை அங்கே பெண்களுக்குத் தெரிவுப் போட்டி. குறைவான அடிகளில் முடிக்கும் நாலு பேர் பக்கத்துத் தீவான சென் கிட்ஸுக்குப் போய்த் தீவின் பெயரில் ஆடலாம். வேர்லின் இரண்டு வருடமாக ஐந்தாவதாக வருகிறாள். இந்த முறை இன்னொரு சிக்கல். ஒருவர் எத்தனை அடி அடித்தார் என்பதைக் கூட ஆடும் இன்னொருவர்தான் அட்டையில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பெயர் கொடுத்தவர்கள் ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரும் சோடி சேர்ந்துவிட்டார்கள், வேர்லின் தனித்துவிட்டாள். ஆண்கள் எல்லோரும் அன்று கிரிக்கெட் பார்க்கப் போகிறார்கள். வெளியூரிலிருந்து வந்து ஆடும் ஒருவர் கிடைத்தால் போதும் என்று சங்கச் செயலாளர் சொல்லியிருக்கிறார்.

"வடிவா எண்ணுவியோ?"

எண்ணுவேன் என்றேன்.

"பத்துவரைக்கும் தெரிஞ்சாக் காணும். ஒரு குழிக்குப் பத்துக்கு மேல போனால் நான் மட்டையளைக் கடலுக்குள்ள எறிஞ்சுபோட்டு வீட்டை போயிடுவன்."

எனக்கோ மூன்றாவது மைதானம் ஒன்று தானாக மடியில் விழுந்த சந்தோசம். உடனே சம்மதித்தேன்.

இரண்டாம் நாள்

முதலில் பெரிய விடுதியின் மைதானம். பதினெட்டுக் குழி. மலையின் மடியில் தொடங்கி, காட்டுக்குள் ஏறி, மறுபடி கடற்கரைக்கு இறங்குகிறது. ஏறி ஓடச் சின்ன மின்சார வண்டி தருகிறார்கள். புல் நாவிதர் வெட்டியது போல இருக்கிறது. நடக்கவே மனசு வரவில்லை, சப்பாத்தைக் கழற்றிவிடலாமா என்று யோசித்தேன்.

முதல் அடியை அடித்தேன். நல்ல அடி. பந்து நீலத்துக்குள் ஏறிப் போனது. நான் அப்படியே மட்டையைப் பிடித்தபடி நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். ஆட்டத்தைத் தொடக்கி வைக்கும் ஊழியர் பொறுமையாக வந்து, யாரையாவது எதிர்பார்க்கிறேனா என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது. தூரம் எத்தனை என்று எங்காவது எழுதிக் காட்டும், பந்து காலடிக்கு வரும் என்று காத்து நின்றிருக்கிறேன். அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி, "இங்கே நீங்கள்தான் பந்திடம் போகவேண்டும்" என்றார்.

போனேன். போய்த் தேடினேன். பந்தைத் தேடுவதும் இந்த விளையாட்டின் பாதி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. காற்று என்று ஒன்று இருப்பதையும் சொல்லவில்லை. லவாலில் காற்றுக்கு ஒரு இலக்கம் உண்டு, திரையின் மூலையில் சின்னதாக. இங்கே அது காதுக்குள் நுழைந்து, தொப்பியைப் பறித்து, என் பந்தை ஒரு மாமரத்துக்குள் கொண்டுபோய் வைத்தது.

மேலே ஒரு குழி இருக்கிறது. அதைப் பற்றி எப்படி எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. நீங்கள் நிற்கும் இடத்துக்கும் குழி இருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு, அடி தெரியாத அளவுக்குப் பச்சை. பின்னால் மேகம், கை நீட்டினால் ஈரமாகும் தூரத்தில். முன்னால் முழுக் கடலும், அதற்கப்பால் சென் கிட்ஸ் தீவும், நடுவே ஒரு படகு கிழிக்கும் வெள்ளைக் கோடும். நான் பந்தை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். அடிக்கப் பயமில்லை. அவ்வளவு அழகுக்குள் ஒரு பிளாஸ்டிக் உருண்டையை எறிவது குற்றம்போல இருந்தது. பேந்து எறிந்தேன். ஆறு பந்து எறிந்தேன். ஆறும் பள்ளத்தாக்குக்குள்.

பின்னால் வண்டியில் வந்த இரண்டு ஆங்கிலேயர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஒருவர் சொன்னார்: "நேற்று ஒரு குரங்கு என் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிக் குழிக்கு இன்னும் கிட்ட வைத்துவிட்டுப் போனது." மற்றவர் என்ன செய்தாய் என்று கேட்டார். "அதற்கு நன்றி சொன்னேன்" என்றார் முதலாமவர்.

குரங்குகள் உண்மையில் இருந்தன. ஒன்று என் வண்டியில் ஏறி வாழைப்பழத்தை எடுத்து, உரித்து, என்னைப் பார்த்தபடியே தின்றது. புவாண்ட்-கிளேர் அலுவலகத்தில் என் சாப்பாட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறவர் யார் என்று இதுவரை தெரியவில்லை. இந்தக் குரங்கின் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள்

இரண்டாவது மைதானம் ஒரு வீட்டுத் தோட்டம். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் தன் மாமரங்களுக்கு நடுவே ஒன்பது சின்னக் குழிகள் வெட்டி வைத்திருக்கிறார். மிக நீளமான குழியே எழுபது காலடிக்குள் முடிந்துவிடும். இரண்டு மட்டை போதும். பந்து மரத்தில் பட்டால் மறுபடி அடிக்கலாம், மாங்காய் விழுந்தால் அது அடித்தவருக்குச் சொந்தம். பெரிய மைதானத்தைப் பார்த்துப் பயந்தவர்களுக்கும் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும் இதைவிட நல்ல இடம் சொல்லமாட்டேன்.

அவர் என்னோடு கூடவே நடந்தார். கவனமெல்லாம் அடுப்பில். பந்து குழிக்குக் கிட்டப் போனாலே எடுங்கள், எடுங்கள், சாப்பாடு ஆறுகிறது என்று அவசரப்படுத்தினார். எனக்கு லவாலில் நிற்பது போலவே இருந்தது.

சாப்பாட்டின் பெயர் ஆட்டுத் தண்ணீர். பெயரைக் கேட்டு முகம் சுளித்ததற்கு அந்த ஆட்டிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எலும்போடு ஆட்டிறைச்சி, ஈரப்பலாக்காய், மாவுருண்டை, மேலே கராம்பு வாசம். கராம்பு மூக்கில் ஏறிய கணத்தில் மன்னாரில் எங்கள் மாமி வீட்டுக் கிறிஸ்மஸ் மேசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன். புளியும் சீனியும் பிசைந்த உருண்டை ஒன்றும் கையில் தந்தார். உப்புத் தொட்ட புளி தின்று வளர்ந்த எனக்கு அதைச் சாப்பிட யாரும் பழக்கவேண்டியிருக்கவில்லை.

அன்று பின்னேரம் ஏற்றிப் போக வந்த வேர்லின் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தாள். பஸ்ஸின் கண்ணாடிக்கு மேலே ஒரு பழைய அட்டை செருகியிருந்தது. போன வருடத்து அட்டையாம். எத்தனை அடியால் நாலாவது இடம் போனது என்று கேட்டேன். இரண்டு என்றாள். அதற்கு முதல் வருடம் மூன்று.

"இறங்கி இறங்கித்தானே வாறன்," என்றாள்.

சனிக்கிழமை

ஊர் மைதானத்துக்குப் பலகை இல்லை. பழைய கரும்புத் தோட்டத்தின் கல் ஆலைக் கோபுரம் ஒன்று பாதி இடிந்து நிற்கும், அதற்குப் பக்கத்தால் திரும்பவேண்டும். உள்ளே போனதும் ஆடுகள் என்னைப் பார்த்தன. ஆடா செம்மறியா என்று குழம்பினேன். வால் மேலே நின்றால் ஆடு, கீழே தொங்கினால் செம்மறி என்று வேர்லின் சொல்லித் தந்தாள். புல்லை வெட்டுவது அவைதான். குழியைச் சுற்றி இருக்கும் மிருதுவான தரையைக் கிரீன் என்பார்கள். அதற்குள் மட்டும் அவை வராமல் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. ஆட்டக்காரர் கயிற்றைத் தாண்டிப் போய் அடிக்கவேண்டும்.

ஒன்பது குழியையும் இரண்டு தரம் சுற்றினால் ஒரு ஆட்டம். நாங்கள் கடைசிச் சோடி.

வேர்லினிடம் ஏழு மட்டைதான் இருந்தது. ஒன்றின் கைபிடிக்குச் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. ஆனால் அவள் அடித்தபோது நான் வாயைத் திறந்தபடி நின்றேன். கிரிக்கெட்டில் பந்தைக் காலடியிலிருந்து கிளப்புவது போல ஒரு வீச்சு, பந்து தாழப் பறந்து, காற்றுக்குக் கீழாகவே ஓடியது. அவள் காற்றோடு சண்டை போடவில்லை. அது எந்தப் பக்கம் தள்ளும் என்று தெரிந்து, அதற்கு மறுபக்கம் அடித்தாள். நான் இரண்டு நாளாகத் திட்டிக்கொண்டிருந்த காற்று அவளுக்கு வேலைக்காரன்.

முதல் ஐந்து குழியும் அவளுக்கு அருமையாகப் போனது. சந்தோசத்தில் அட்டையில் எண்களைப் பெரிதாக எழுதினேன்.

ஆறாவது குழி ஆலைக் கோபுரத்தடியில். கிரீன் கடல் பக்கம் சரிந்திருக்கும். வேர்லின் இரண்டு அடியில் கயிற்றுக்கு வெளியே வந்துவிட்டாள். மூன்றாவதை மெதுவாகத் தட்டினாள். பந்து கயிற்றுக்குக் கீழே புகுந்து, சரிவில் வளைந்து, குழியைத் தேடிக்கொண்டு போய் அதற்குப் பக்கத்தில் நின்றது. அதே நேரம் பின்னால் கடலில் ஒரு பெலிக்கன் பறவை மீனுக்காகத் தலைகீழாக விழுந்தது. இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. நான் கைதட்டினேன். கயிற்றைத் தாண்டி ஓடினேன். குனிந்து அவளுடைய பந்தை எடுத்தேன். என் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினேன்.

வேர்லின் கையை நீட்டவில்லை.

அவள் முகத்தைப் பார்த்து, நீட்டிய கையை மெல்ல இறக்கினேன்.

"அது இன்னும் விழேல்லை, பிள்ளை," என்றாள். குரல் உயரவே இல்லை. "எங்க கிடந்தது?"

நான் குழியருகே முழந்தாளில் இருந்தேன். புல்லில் ஒரு அடையாளமும் இல்லை. என் சப்பாத்துத் தடம்தான் இருந்தது. ஒரு சாண் தூரத்தில் கையை வைத்தேன். பிறகு எடுத்தேன். ஒரு முழம் இருந்திருக்குமோ? பந்தைப் பார்த்தேனே தவிர அது நின்ற தூரத்தை நான் பார்க்கவே இல்லை. குழிக்குக் கிட்டக் கிடக்கும் பந்தைத் தூக்குவதற்குத்தான் என் கண் பழகியிருந்தது, அளப்பதற்குப் பழகவில்லை.

"இங்கே இருக்கலாம். இல்லையென்றால் இங்கே," என்று இரண்டு இடத்தையும் காட்டினேன். கிட்டவே வையுங்கள் என்று மன்றாடினேன். பிழை என்னுடையது, யாரும் பார்க்கவில்லை, பந்து கிட்டத்தான் கிடந்தது என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

வேர்லின் பந்தை வாங்கினாள். முழத் தூரத்தில் வைத்தாள்.

அவள் அடித்தது மெதுவான, சரியான அடி. சரிவு கடைசி நொடியில் பந்தைப் பிடித்து இழுத்தது. குழியின் விளிம்பைச் சுற்றி மறுபக்கம் போய் நின்றது. அவள் போய் அதைத் தட்டி உள்ளே விட்டு, பந்தைத் தானே எடுத்தாள்.

"ஐஞ்சு. எழுது."

எழுதினேன். நாலு என்று எழுதியிருந்தால் அந்தத் தீவில் அதை அறிந்திருப்பவை ஆடுகள் மட்டும்தான். பென்சில் என் கையில்தான் இருந்தது. அவள் நான் எழுதுவதைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, ஏழாவது குழிக்கு நடக்கத் தொடங்கிவிட்டாள்.

அங்கே போய் நான் கைகளைப் பின்னால் கட்டி, முன்னால் கட்டி, தலையைச் சொறிந்து நின்றதைப் பார்த்துவிட்டு, "கையை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லையெண்டால் பொக்கற்றுக்குள்ள வை," என்றாள். சிரித்தாள். மீதி ஆட்டம் முழுவதும், என் முறை வராத நேரமெல்லாம், என் கைகள் காற்சட்டைப் பைக்குள் இருந்தன.

இரண்டாவது சுற்றில் அவள் இன்னும் நன்றாக ஆடினாள். நான் அடித்த அடிகளைப் பற்றி இங்கே பேச்சில்லை. பதினெட்டுக் குழியிலும் என் பந்தைக் கடைசிவரை அடித்து விழுத்தினேன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவை.

சங்கக் கட்டடம் தகரக் கூரை போட்ட ஒரு அறை. மற்றப் பெண்கள் முடித்துவிட்டு இஞ்சிச் சோடாவோடு மர வாங்கில் இருந்தார்கள். கரும்பலகையில் எண்கள். நாலாவது இடத்தில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, தொண்ணூற்றொன்று. நான் வேர்லினின் அட்டையை வாசலில் நின்றே கூட்டினேன். தொண்ணூற்றிரண்டு. மேலிருந்து கீழே கூட்டினேன், கீழிருந்து மேலே கூட்டினேன். தொண்ணூற்றிரண்டுதான். சமமாக வந்திருந்தால் முதல் குழியை இன்னொரு தரம் ஆடிப் பார்த்திருப்பார்கள். முதல் குழியை அவள் அன்று இரண்டு முறையும் எல்லோரையும்விடக் குறைவாக முடித்திருந்தாள்.

செயலாளர் சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், காதில் பென்சில். அட்டை எழுதியவருக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன். பந்தை நான் தூக்கியதை, இடம் தெரியாமல் போனதை, அவள் தூர இடத்தைத் தெரிந்தெடுத்ததை, எல்லாவற்றையும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். இந்த ஒரு அடி என்னுடையது, அவளுடைய கணக்கில் ஏறக் கூடாது என்றேன்.

அவர் யோசித்தார். வாங்கில் இருந்த ஆசிரியை சோடாப் போத்தலைக் கீழே வைத்துவிட்டாள்.

"குரங்கு தூக்கினாலும் விருந்தாளி தூக்கினாலும் எங்கட சட்டத்தில ஒண்டுதான், மகள்," என்றார் செயலாளர். "தூக்கினதுக்குத் தண்டம் இல்லை. திரும்ப வைக்கவேணும். வைச்சிட்டினம். பேந்து அடிச்சது அவ."

வேர்லின் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்லுறாய்?"

"ஐஞ்சு," என்றாள் வேர்லின். "எனக்கும் ஒரு சோடா தாங்கோ."

நான் கையொப்பமிட்டேன். ஆசிரியை எழுந்து வந்து வேர்லினின் தோளைப் பிடித்தாள். வேர்லின் அவளிடம் சொன்னாள், சென் கிட்ஸுக்குப் போகிற அன்று காலை ஏழு மணிக்கு வாசலில் நில், என் பஸ் யாருக்கும் காத்து நிற்காது என்று. அறை முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிக்க வரவில்லை.

ஞாயிறு

இறங்குதுறைக்குப் போகும் வழியில் இந்த முறை சரியான பக்கக் கதவில் ஏறினேன். ஒரு கழுதைகூட மறிக்கவில்லை. கடைசியில் நானே வாயைத் திறந்தேன். ஏன் கிட்ட வைக்கவில்லை என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச தூரம் ஓட்டினாள்.

"கிட்ட வைச்சிருந்தால் போயிருப்பன். போயிட்டு, அங்க ஒவ்வொரு குழியிலயும் நிண்டு, அது சாணோ முழமோ எண்டு யோசிச்சுக்கொண்டிருப்பன். எனக்கு உது ஏலாது. நான் காசு வாங்கி ஆக்களை ஏத்துறவள், கனக்க யோசிச்சால் பஸ் மதிலில முட்டும்."

பிறகு, என் பெட்டியை இறக்கித் தரும்போது சொன்னாள்: "அடுத்த வருசம் வா. எழுத ஆள் வேணும். கையை மட்டும் மொன்றியலில விட்டுட்டு வா."

படகு கிளம்பியது. அவள் பஸ்ஸின் மேல் கை வைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அந்த மலை, அதன் மேல் அந்த மேகம். அன்று மலை பெரிதா, அவள் பெரிதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மொன்றியல்

மேலாளருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பெரிய விடுதி மைதானம்: நிறையப் பந்து கொண்டுபோங்கள், வாழைப்பழம் கொண்டுபோகாதீர்கள். தோட்டத்து மைதானம்: பசியோடு போங்கள். ஊர் மைதானம்: சனிக்கிழமை போனால் உங்களை யாராவது ஒருத்தியின் அட்டையை எழுதச் சொல்வார்கள், சம்மதியுங்கள், அவளுடைய பந்தைத் தொடாதீர்கள். கடைசி வரி விளங்கவில்லை என்று மேலாளர் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். நான் அதை மாற்றாமல் மறுபடி கொடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து வேர்லின் ஒரு படம் அனுப்பினாள். இறங்குதுறையில் அவளுடைய பஸ்ஸுக்கு முன்னால் நாலு பெண்கள், கோல்ஃப் பைகளோடு, பல் தெரிய. ஆசிரியை நடுவில். படம் எடுத்தவள் படத்தில் இல்லை. கீழ் மூலையில், வெயிலில் நீண்டு, அவளுடைய நிழல் மட்டும் கிடந்தது. தொப்பியும் முழங்கையும்.

அந்தச் செவ்வாய் லவாலில் வழக்கம்போல மூன்று பேரும் கூடினோம். வெளியே பனி கொட்டியது. மெலனி சப்பாத்து மாற்றிக்கொண்டிருந்தாள். நான் கருவியின் அமைப்புகளுக்குள் போய், கிட்டக் கிடக்கும் பந்தைக் குழிக்குள் விழுந்ததாக எடுத்துக்கொள்ளும் அந்த வசதியைத் தேடிப்பிடித்து நிறுத்தினேன்.

"என்ன பிள்ளை, மெஷினுக்கு என்ன வருத்தம்?" என்றார் ரஞ்சன் அண்ணை.

"வருத்தம் மாறீட்டுது அண்ணை. ஆடுங்கோ."

மூன்றாவது குழியில் அவருடைய பந்து திரையில் குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஒரு முழம் இருக்கும். கருவி ஒன்றும் சொல்லவில்லை. அவர் மட்டையைத் தோளில் சாய்த்துவிட்டு முதலில் மெலனியைப் பார்த்தார். மெலனி என்னைப் பார்த்தாள். பிறகு இருவருமே என்னைப் பார்த்தார்கள். பாயில் கிடந்த அந்த வெள்ளைப் பந்து என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

நான் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டேன்.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக ரஞ்சன் அண்ணை அந்தத் தூரத்துக்குக் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்தார்.